நூற்றிரண்டு கிலோவும் ஒரு கமுகம்பாளையும்

எபிசன் சாரின் எடை நூற்றிரண்டு கிலோ. இதைப் புறம்பேசுவதற்காகச் சொல்லவில்லை, கணக்குக்குத் தேவைப்படுகிறது. பிள்ளைகளை எடை பார்க்க சுகாதார நிலையத்திலிருந்து கொண்டுவந்த இயந்திரத்தில், ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு முழுவதும் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க, அவரே ஏறி நின்று, அவரே குனிந்து வாசித்துச் சொன்ன எண் அது. குனிந்தபோது வயிறு மறைத்ததால் கடைசி இலக்கத்தை முதல் பெஞ்சு சிஜின்தான் பார்த்துச் சொன்னான். அதே இயந்திரத்தில் மாணவி பிரிஜாவின் எடை முப்பத்துநான்கு. சரியாக மூன்றில் ஒரு பங்கு. மீதியில்லாமல் வகுபடுகிற இரண்டு உடம்புகள் ஒரே வகுப்பறையில் வாய்த்தது தன் அதிர்ஷ்டம் என்று எபிசன் நினைத்தார். அது எப்பேர்ப்பட்ட அதிர்ஷ்டம் என்பது வியாழக்கிழமைதான் தெரிந்தது.

பள்ளி, கருங்கலிலிருந்து இனயம் போகிற வழியில் ஒரு மேட்டில் இருக்கிறது. விளையாட்டு மைதானம் பள்ளத்தில். இரண்டுக்கும் நடுவே புல் மண்டிய சரிவு. கிழக்கேயிருந்து ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளும் மேற்கேயிருந்து கடற்கரைப் பிள்ளைகளும் வந்து சேருகிற இடம். எபிசன் ஒன்பது பி-யில் இருக்கிற நாற்பத்திரண்டு பேருக்கும் ஆறாம் வகுப்பிலிருந்து அறிவியல் எடுக்கிறார். நான்கு வருடமாக அவர்கள் அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், அவர் அவர்களைப் பார்த்துச் சிரிக்கிறார். நடுவில் கொஞ்சம் பாடமும் நடந்துவிடும்.

அதற்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

தலைமையாசிரியர் சுந்தரராஜ் தோவாளைக்காரர். இரண்டு பஸ் மாறி, சட்டை கசங்காமல் பள்ளிக்கு வந்து சேருகிற மனிதர். போன வருடம் புவியீர்ப்பு பாடத்தில், பெரியதும் சிறியதுமாக இரண்டு சக்கைகளை, அதாவது பலாப்பழங்களை, மாடியிலிருந்து ஒரே நேரத்தில் எபிசன் கீழே போட்டார். இரண்டும் ஒரே நேரத்தில்தான் விழுந்தன, பாடம் சரி. ஆனால் பெரியது சிதறிய இடத்துக்கு நான்கடி தள்ளி சுந்தரராஜ் நின்றுகொண்டிருந்தார். சக்கைப் பிசின் வெள்ளைச் சட்டையை விட்டுப் போகாது என்பதை அவர் வீட்டில் மூன்று துவைப்பில் கண்டுபிடித்தார்கள்.

திங்கட்கிழமை அவர் எபிசனைக் கூப்பிட்டார். கல்வித்துறையிலிருந்து ஸ்மிதா மேடம் வியாழக்கிழமை வகுப்பு பார்க்க வருகிறார். காலாண்டுத் தேர்வில் ஒன்பது பி அறிவியலில் எடுத்த மதிப்பெண் நன்றாக இல்லை. மேடம் முகம் சுளித்தால் அடுத்த வாரமே ஒன்பது பி வேறு ஆளுக்குப் போகும், எபிசனுக்கு நூலகம். நூலகம் என்றால் இரண்டு பீரோ, அதில் ஒன்றுக்குச் சாவி கிடையாது.

மைதானத்தில் ஒரு சின்னச் செயல்பாடு செய்துகாட்டலாமா என்று எபிசன் பணிவாகக் கேட்டார்.

“மேல இருந்து எதையாவது கீழ போடுவீரா வே?” என்றார் சுந்தரராஜ்.

“போட மாட்டேன் சார்.”

“அப்ப செய்யும்.”

மேலே இருந்து கீழே வரப்போவது தான்தான் என்பதை எபிசன் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்பது பரீட்சை எழுதுகிறவர்களுக்கு அவரே சொல்லிக்கொடுக்கிற பாடம்.

பாடம் இயக்க ஆற்றல். ஓடி வருகிற பொருள் இடித்தால் அடி பலமாக விழுவதற்கு எது காரணம் என்று புதன்கிழமை வகுப்பில் கேட்டார். எடை என்று நாற்பத்திரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். சொல்லும்போது எல்லோருடைய கண்ணும் எங்கே இருந்தது என்பதை விட்டுவிடுவோம். எடையும்தான் காரணம், ஆனால் வேகம் அதைவிடப் பெரிய ஆள் என்றார் எபிசன். எடை இரண்டு மடங்கானால் ஆற்றல் இரண்டு மடங்கு. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. ஏனென்றால் சூத்திரத்தில் நிறை ஒரு தடவை வந்துவிட்டுப் போய்விடுகிறது. வேகம் ஒரு தடவை வந்து, போதாதென்று இன்னொரு தடவையும் வருகிறது, கல்யாண வீட்டில் இரண்டு பந்தியில் உட்காருகிற சொந்தக்காரனைப் போல. அந்தச் சொந்தக்காரன் யார் என்று சிஜின் கேட்டான். பாடத்தைக் கவனி என்றார் எபிசன்.

நம்பாதவர்களுக்காகச் சரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சிஜின் தன் வீட்டுத் தோப்பிலிருந்து கமுகம்பாளைகள் கொண்டுவந்திருந்தான். கமுகு என்கிற பாக்கு மரத்தில் மட்டையின் அடியில், மரத்தைச் சுற்றிப் பிடித்திருக்கிற அகலமான வழுவழுப்பான பாகம் அது. அதில் ஒருவனை உட்கார்த்தி இன்னொருவன் இழுத்துக்கொண்டு ஓடாத பிள்ளை அந்தப் பக்கத்துத் தோப்புகளில் கிடையாது. சரிவில் அரை மீட்டர் உயரத்தில் ஒரு சுண்ணாம்புக் கோடு, இரண்டு மீட்டர் உயரத்தில் ஒரு கோடு. மழை பெய்து புல் நனைந்திருந்தது. கீழ்க்கோட்டிலிருந்து விட்டபோது சிஜின் மைதானத்தில் ஒன்றேகால் மீட்டர் வழுக்கிப் போய் நின்றான். மேல்கோட்டிலிருந்து விட்டபோது ஐந்து மீட்டர். செல்போனில் படம் பிடித்து, சரிவின் அடியில் தனியாகப் போட்டிருந்த வேறு இரண்டு கோடுகளைக் கடக்க எடுத்த நேரத்தை எண்ணிப் பார்த்தார்கள். வேகம் இரண்டு மடங்குதான். போன தூரம் நான்கு மடங்கு. வகுப்பு கொஞ்ச நேரம் சிரிக்காமல் இருந்தது. எபிசனுக்கு அது விருது கிடைத்த மாதிரி.

விருது வாங்கியவர்கள் அத்தோடு வீட்டுக்குப் போய்விட வேண்டும். எபிசன் போகவில்லை. எடையின் பங்கையும் நாளைக்கு இதே சரிவில் காட்டுவதாகச் சொன்னார். பிரிஜா ஒரு தடவை, தான் ஒரு தடவை, இரண்டு பேரும் ஒரே கோட்டிலிருந்து. தன் எடை மூன்று மடங்கு, ஆற்றல் மூன்று மடங்கு, ஆகவே பிரிஜா ஐந்து மீட்டர் போனால் தான் பதினைந்து மீட்டர் போய், மைதானத்து நடுவில் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்பேன் என்றார்.

பிரிஜா கை தூக்கினாள். அவள் கை தூக்குவது அபூர்வம். காலாண்டுத் தேர்வில் இதே மாதிரிக் கேள்விக்கு ஒரு பக்கத்தை வெள்ளையாக விட்டிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, எழுதினால் தப்பாகப் போகும், எழுதாவிட்டால் தப்பு இல்லையே என்றாள்.

“சாறே, நீங்களும் நானும் ஒரே இடத்திலதான் நிப்போம்” என்றாள் இப்போது.

காரணம் கேட்டார்.

“எங்க அப்பாக்க வள்ளம் கரையேறும்போ, உள்ள மீனு இருந்தாலும் செரி, இல்லேனாலும் செரி, ஒரே வேகத்தில வந்தா மணலில ஒரே இடத்திலதான் வந்து நிக்கும். அப்பா எஞ்சினுக்க வேகத்த மட்டும்தான் நோக்குவாரு. அம்மா கூடைய அந்த இடத்திலதான் வச்சிட்டு நிப்பா.”

எபிசன் உள்நாட்டுக்காரர். கடலில் அவர் இறங்கியதெல்லாம் முழங்கால் வரைக்கும்தான். அது கடல், இது இயற்பியல் என்று சொல்லிவிட்டார். ஒரு மனிதன் தன் வாழ்நாளில் திருப்பி எடுத்துக்கொள்ள விரும்பும் வாக்கியங்கள் சில உண்டு. அவருக்கு இது ஏழாவதோ எட்டாவதோ. அதோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. தான் சொன்னது தப்பானால் ஐம்பது தடவை இம்போசிஷன் எழுதுவதாகச் சொன்னார்.

“எழுதினத நான்தான் திருத்துவேன்” என்றாள் பிரிஜா.

ஒத்துக்கொண்டார். வீட்டில் இந்தக் கதையைக் கேட்ட மனைவி ஜெயபாய், காலையில் சாப்பாட்டுப் பையோடு ஒரு மாற்றுப் பேண்டையும் மடித்து வைத்தாள்.

வியாழக்கிழமை ஸ்மிதா மேடம் வந்தார். சிதறால் பக்கத்துக்காரர் என்று அலுவலகத்தில் பேச்சு. சுந்தரராஜ் தோவாளையிலிருந்து கையோடு கொண்டுவந்த பூச்செண்டை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, நேரே வகுப்புக்குப் போகலாம் என்றார் மேடம். சிரிக்கிற முகமாகத் தெரியவில்லை. கையில் ஒரு நீல நோட்டுப் புத்தகம். மைதானத்து ஓரத்தில் நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

வேகத்தின் பகுதி நேற்றுபோலவே அழகாக நடந்தது. சிஜின் ஒன்றேகால் மீட்டருக்கும் ஐந்து மீட்டருக்கும் போய் வந்தான். மேடம் குனிந்து டேப்பைப் பார்த்து நோட்டில் எழுதினார். சுந்தரராஜின் நெற்றிச் சுருக்கத்தில் ஒன்று குறைந்தது.

பிறகு பிரிஜா பாளையில் உட்கார்ந்தாள். கடற்கரையில் கமுகு ஏது? அவள் பாளையில் உட்காருவது அதுதான் முதல் தடவை. ஆனால் காலை நீட்டி, பின்னால் சாய்ந்து, வள்ளத்தின் முனையில் இருக்கிறவள் மாதிரி இருந்தாள். மேல்கோட்டிலிருந்து விட்டார்கள். சரேலென்று இறங்கி, நனைந்த புல்லில் வழுக்கி, ஐந்து மீட்டரில் நின்றாள். நின்ற இடத்தில் சிஜின் ஒரு கம்பை நட்டான்.

எபிசன் மேட்டில் ஏறினார். பாளையில் உட்கார்ந்தார். பாளை ஒரு சத்தம் கொடுத்தது. அதற்கு அர்த்தம் கேட்க யாருக்கும் மனம் வரவில்லை. அப்போதுதான் சுந்தரராஜுக்கு விஷயம் புரிந்தது. கையை உயர்த்தினார். ஆனால் அதற்குள் இரண்டு பையன்கள் பிடித்திருந்த பிடியை விட்டுவிட்டார்கள்.

நூற்றிரண்டு கிலோ கீழே வந்த காட்சியைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். காற்று வீசியது என்கிறார்கள், புல் படுத்தது என்கிறார்கள். எபிசனுக்கு நினைவிருப்பது பேண்டின் பின்பக்கம் எங்கோ கிழிந்த சத்தம் ஒன்றுதான். கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். கொடிக்கம்பம் கிட்டே வரவேயில்லை. வழுக்கல் குறைந்தது, இன்னும் குறைந்தது, நின்றுவிட்டது.

குனிந்து பார்த்தார். சிஜின் நட்ட கம்பு அவருக்கு ஒரு கை முன்னால் நின்றது.

பத்து மீட்டர் தள்ளி, போக வேண்டிய இடத்தில் கொடிக்கம்பம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சிஜின் உதவிக்கு ஓடிவந்து குனிந்தான். “சாறே, பின்னால இருந்து ஒரு தள்ளு தள்ளட்டா? மேடத்துக்குத் தெரியாது” என்று காதோடு கேட்டான்.

நல்ல யோசனைதான். இன்னொன்றும் தோன்றியது: பாளை கிழிந்துவிட்டது, இந்தத் தடவை கணக்கில் சேராது, புத்தகத்தில் இருப்பதை எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாம். பாளை உண்மையாகவே ஓரத்தில் கிழிந்திருந்தது. சாவியில்லாத பீரோ கண்முன்னால் வந்தது. அதன் கைப்பிடியில் தொங்கும் சிலந்தி வலைகூடத் தெரிந்தது.

நிமிர்ந்தபோது பிரிஜா கம்புக்குப் பக்கத்தில் நின்றாள். வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்க, அவள் மட்டும் சிரிக்கவில்லை. ஜெயித்த முகமாகவும் இல்லை. கம்பையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தன் கண் பார்த்ததை நம்புவதா, சார் சொல்லப்போவதை நம்புவதா என்று காத்திருக்கிற முகம் அது. இப்போது பாளை மேல் பழியைப் போட்டால் இந்தப் பிள்ளை இனி எல்லாப் பக்கத்தையும் வெள்ளையாகத்தான் விடும் என்று எபிசனுக்குத் தெரிந்தது.

உட்கார்ந்த வாக்கிலேயே சொன்னார். எழுந்தால் பேண்ட் விஷயம் வெளியே வந்துவிடும்.

“பிரிஜா சொன்னதுதான் சரி. எனக்குத்தான் கணக்கு தப்பிப்போச்சு.”

சுந்தரராஜ் கண்ணை மூடிக்கொண்டார். ஸ்மிதா மேடம் இரண்டடி முன்னால் வந்தார்.

“அப்போ எடை கூடினா ஆற்றல் கூடும்னு நீங்க படிப்பிச்சது தப்பா சார்?”

“அது தப்பில்ல மேடம். அப்ப நான் ஏன் இங்க இருக்கேன்னுதான் தெரியல.”

மேடம் பேனாவை எடுத்து ஒரு நீளமான வரி எழுதினார். எபிசனுக்கு அங்கேயிருந்தே அந்த வரியின் நீளம் தெரிந்தது.

சரி, கண்டுபிடிப்போம் என்று பிள்ளைகளை அருகே கூப்பிட்டார். அவர்கள் புல்லில் வட்டமாக உட்கார்ந்தார்கள். அவர் உட்கார்ந்தே இருந்ததால் அது இயல்பாகவே தெரிந்தது. மூன்று மடங்கு ஆற்றலோடு கீழே வந்தேன், அது எங்கே போயிற்று என்று கேட்டார். பயத்தில் போயிருக்கும் என்றான் ஒருவன். பேண்டில் என்றான் இன்னொருவன். பிரிஜாதான் பாளை வழுக்கி வந்த தடத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். அவள் வந்த தடத்தில் புல் மடங்கியிருந்தது. சார் வந்த தடத்தில் புல் உழுதுபோட்ட மாதிரி செம்மண் தெரிந்தது.

தரை என்னை அதிகமாகப் பிடித்திருக்கிறது என்று எபிசன் மெல்லச் சொன்னார். எடை மூன்று மடங்கென்றால் தரையை அழுத்துவது மூன்று மடங்கு, அது பிடித்து நிறுத்துகிற உராய்வும் மூன்று மடங்கு. கொண்டுவந்ததும் மூன்று மடங்கு, வழியில் பறிபோனதும் மூன்று மடங்கு. அதனால்தான் இரண்டு பேரும் ஒரே இடம். பதினைந்து வருடமாக இந்தச் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதியவருக்கு, கரும்பலகையில் உராய்வு கிடையாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

“அப்ப எடைக்கு ஆற்றல் உண்டும்னு எப்பிடி நம்புகது?” என்று கேட்டான் சிஜின். நல்ல கேள்வி. மேடமும் அதற்குத்தான் காத்திருப்பதுபோலப் பேனாவைத் தாழ்த்தினார்.

பிரிஜா தடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “வள்ளம் நிக்கப்பட்ட இடம் ஒண்ணுதான். ஆனா அதுக்கு முன்ன, இடையில ஆளு நிக்கப்பிடாது சாறே. வெறும் வள்ளம் இடிச்சா எழும்பி வந்திரலாம். மீனு நிறச்ச வள்ளம் இடிச்சா எலும்ப எண்ணணும்.”

எபிசன் பேண்டை மறந்து எழுந்துவிட்டார். வகுப்பு பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டது. அவர் கவனிக்கவில்லை. உயரம் தாண்டுகிற இடத்தில் போடுவதற்காக மரப்பொடி அடைத்த சாக்குகள் கிடந்தன. மழையில் நனைந்து ஒவ்வொன்றும் ஐம்பது கிலோ கனம். ஒன்றை இழுத்துவரச் சொல்லி, வழுக்கும் தடத்தில் இரண்டு மீட்டரில் குறுக்கே போட்டார். பிரிஜா மறுபடியும் மேல்கோட்டிலிருந்து வந்தாள். கால் இரண்டும் சாக்கில் பதிய, சாக்கு ஒரு சாண் நகர்ந்தது. சாக்கைப் பழைய இடத்தில் வைத்தார்கள். கிழியாத பாளை ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு எபிசன் ஏறினார். இந்தத் தடவை சுந்தரராஜ் தடுக்கவில்லை. முன்னெச்சரிக்கையாக நாலடி தள்ளி நின்றுகொண்டார்.

சாக்கு வாங்கிய அடியில் வாய் பிரிந்து, மரப்பொடி ஒரு கையளவு மேலே பறந்தது. அது எங்கே போய் இறங்கியது என்று சொல்ல வேண்டியதில்லை. நாலடி போதாது என்பதை சுந்தரராஜ் சக்கையிலேயே படித்திருக்க வேண்டும். பிரிஜா மண்டியிட்டு சாண் போட்டு அளந்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, பின்ன கொஞ்சம்.

“மூணரை சாறே. எனக்கு ஒண்ணு.”

வகுப்பு கத்திய கத்தலில் மாடியில் ஆறாம் வகுப்பு ஜன்னலுக்கு வந்துவிட்டது. ஸ்மிதா மேடம் பிரிஜாவைக் கூப்பிட்டு, நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். கடலில் தொடங்கி மரப்பொடியில் முடித்தாள். நடுவில் உராய்வு என்ற சொல்லை, அம்மாவின் கூடையை வைப்பதுபோல, சரியான இடத்தில் வைத்தாள். மேடம் முழுவதையும் எழுதிக்கொண்டு நோட்டை மூடினார். கிளம்பும்போது எபிசனிடம் ஒன்றே ஒன்று சொன்னார். பாளையில் அவர் நடுவில் உட்கார்ந்தாராம். சிதறாலில் பிள்ளைகள் பின்னால் தள்ளித்தான் உட்காருவார்களாம், இல்லையென்றால் கிழியும்.

மாலையில் சுந்தரராஜ் கூப்பிட்டனுப்பினார். மேசையில் மேடத்தின் குறிப்பு. ஆசிரியர் வகுப்பில் ஒரு பிழை செய்தார், அதை ஒரு மாணவி கண்டுபிடித்தார், காரணத்தை வகுப்பு முழுவதும் சேர்ந்து கண்டுபிடித்தது, இந்த வகுப்பை இதே ஆசிரியர் தொடர்ந்து எடுப்பது நல்லது என்று எழுதியிருந்தது. அதை எபிசன் இரண்டு தடவை வாசித்தார். சுந்தரராஜ் காலரிலிருந்து மரப்பொடியைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

“ஒன்பது பி-ய நீரே வச்சிக்கிடும் வே. மொதல்ல போய் அந்தப் பேண்ட மாத்தும்.”

வெள்ளிக்கிழமை முதல் பீரியட். எபிசன் நாலு தாளைக் கொண்டுவந்து பிரிஜாவின் மேசையில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எடை கூடினால் உராய்வும் கூடும் என்பதை நான் மறந்துவிட்டேன். இதுதான் வாக்கியம், அவளே கொடுத்தது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதியபோது ஜெயபாய் இரண்டு தடவை வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போயிருந்தாள்.

பிரிஜா சிவப்புப் பேனாவை எடுத்தாள். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் போனாள். அவசரமே இல்லை. நாற்பத்தொரு பேரும் மூச்சு விடாமல் பார்த்தார்கள். மூன்றாவது தாளில் ஒரு இடத்தில் நின்று, எழுத்துப்பிழை ஒன்றுக்கு வட்டம் போட்டு, மேற்கொண்டு போனாள். நான்காவது தாளின் அடியில் வந்து நிமிர்ந்தாள்.

“நாப்பத்தொன்பதுதான் இருக்கு சாறே.”

ஐம்பதும் எண்ணி எழுதியதில் அவருக்குச் சந்தேகமேயில்லை. ஆனால் பதினைந்து மீட்டரிலும் சந்தேகமில்லாமல்தான் இருந்தார். பெஞ்சில் இடம் கேட்டார். இரண்டு பிள்ளைகள் நகர்ந்தார்கள், பிறகு நான்கு பேர் நகர வேண்டியிருந்தது. குனிந்து ஐம்பதாவது வரியை நிறுத்தி நிதானமாக எழுதினார்.

பிரிஜா தாளை வாங்கி ஒரு சரி போட்டாள். அடியில் தேதி போட்டுக் கையெழுத்திட்டாள். திருப்பிக் கொடுப்பதற்கு முன் கொஞ்சம் யோசித்து, சிவப்பு மையில் இன்னொன்றும் சேர்த்தாள்: கையெழுத்து திருந்த வேண்டும்.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எபிசன் கரும்பலகைக்குப் போனார். அடுத்த பாடத்தின் தலைப்பை எழுதினார், இதுவரை எழுதியதிலேயே அழகாக.